மணப்பாட்டில் நமக்கு யாரு இருக்கா?

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது "கண்டு களியுங்கள்" என்று வந்தால் பதற வேண்டாம், பிறவிக் குணம்.

தேன்மொழியும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் ஒன்றாக வரலாறு சேர்ந்தோம். அவள் முடித்துவிட்டாள். எனக்கு வரலாறு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிக் கடலோரச் சிற்றூர்களைச் சுற்றிக்காட்டிப் பிழைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மேலப்பாளையம் அகமது மீரான் அண்ணனிடம் வேன் இருந்தது. வாரநாளில் அது நர்சரிப் பிள்ளைகளை ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும். நோட்டீஸ் மட்டும்தான் பாக்கி.

"லே, காலேஜ் சுவர்ப் பத்திரிகையில எல்லாரையும் நக்கலடிச்சு எழுதுவேல்லா, எனக்கு ஒரு பக்கம் நக்கல் இல்லாம எழுதித் தா" என்றாள்.

'கடலோரத்தில் கண்டிப்பாகக் காண வேண்டிய நான்கு சிற்றூர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். கொற்கை, புன்னைக்காயல், காயல்பட்டினம், மணப்பாடு. வாசித்துப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"கொற்கையில கடல் எங்கல இருக்கு?"

"பாண்டியன் காலத்துத் துறைமுகம்லா."

"இப்ப கடல் எங்க இருக்குன்னு கேட்டேன்."

"கடல்தான் ஊரை விட்டு விலகிப் போயிட்டு. அதுக்கு ஊரு என்ன செய்யும்?"

2

(கதையின் தொடக்கத்துக்கு நான் முயன்றவை. எதையும் அழிக்கவில்லை; அழித்தால் உழைக்காதவன் என்று நினைப்பீர்கள்.)

முதல் முயற்சி: பொதிகையில் பிறந்த தாமிரபரணி தன் நெடும்பயணத்தின் முடிவில் கடலரசனை ஆரத் தழுவி— (விட்டுவிட்டேன். யார் யாரைத் தழுவினால் நமக்கென்ன.)

இரண்டாம் முயற்சி: அந்த வேனுக்குள் "கையை வெளியே நீட்டாதே, சாப்பாட்டைச் சிந்தாதே" என்று ஒட்டியிருந்தது. (இது நன்றாக இருக்கிறது. ஆனால் நர்சரிப் பிள்ளைகளைப் பற்றிய கதை என்று நினைத்துவிடுவீர்கள். ஏறியவர்களில் இளையவன் நான்தான்.)

மூன்றாம் முயற்சி: தேன்மொழிக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

இதுதான் உண்மை. இதிலிருந்தே தொடங்குவோம்.

அவளுடைய அண்ணன் இசக்கிதுரை, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். இசக்கிதுரை அண்ணன் கெட்டவர் இல்லை. (கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் வசதியாக இருக்கும் என்று அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "என்னைப் போட்டுக்கோலே, ஆனா மீசையக் கொஞ்சம் பெருசா எழுது" என்றார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?) வேலையும் கெட்ட வேலை இல்லை. வாசலுக்கே பஸ் வரும், உள்ளே ஏசி. "ஆனா ஒரு கேட்டுக்குள்ள போயி அதே கேட்டு வழியா வெளிய வரணும்லா, தெனமும்" என்பாள் தேன்மொழி. அந்த வேலைக்கு எதிராக நான் கேட்ட ஒரே வாதமும் அதுதான், ஆதரவாகக் கேட்ட ஒரே வாதமும் அதுதான்.

அண்ணன் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஒரு ட்ரிப்பு போ. சென்னையிலேருந்து அந்தச் சுற்றுலாக் கம்பெனிக்காரி வந்து பாக்காள்லா, அவ சரின்னு ஆள் அனுப்புனா ஒன் இஷ்டம். இல்லன்னா திங்கக்கிழம கங்கைகொண்டான் பஸ்ஸுல ஏறிரணும், ஆமா."

3

கம்பெனிக்காரியின் பெயர் மிருணாளினி. இவள்மீதுதான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனுஷி மேல் அல்ல, பாத்திரத்தின் மேல்.

முதல் வரைவில் அவளுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். மூக்கைச் சுளிக்க வைத்தேன். மினரல் வாட்டரில் கை கழுவ வைத்தேன். தேன்மொழி வாசித்துவிட்டு, "அவ கண்ணாடியே போடலியேல" என்றாள். இரண்டாம் வரைவில் எதைக் கண்டாலும் கண் கலங்க வைத்தேன். "இப்ப கோட்டி புடிச்சவ மாதிரி இருக்கா. சும்மா ஒரு ஆளா எழுதேன்" என்றாள்.

சும்மா ஒரு ஆளாக எழுதுவதுதான் கஷ்டம். முயல்கிறேன்: அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். பருத்திச் சட்டை. நெல்லை எக்ஸ்பிரஸில் சரியாகத் தூங்காத முகம். வேனில் ஏறியதும் ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு, நீட்டியிருந்த கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. விமர்சகர்கள் மன்னிக்கவும்.

4

தேன்மொழி செய்த தவறு இதுதான்.

வேனில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து போனால் வெறிச்சென்று இருக்கும், கம்பெனி என்ன நினைக்கும் என்று பயந்து, காலி இருக்கைகளுக்கு ஆள் கூப்பிட்டாள். சென்னையில் காலி இருக்கை என்றால் காலி இருக்கை. எங்கள் பக்கம் காலி இருக்கை என்றால், கூப்பிடாமல் விட்ட சொந்தக்காரர்.

ஆக, வந்தவர்கள்: அவளுடைய அத்தை பேச்சித்தாய். அத்தை குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் ஓய்வுபெற்ற அரசு அதிகாரியுமான ஐயம்பெருமாள் சார். அவர் மனைவி அன்னத்தாய். ஓட்டுநர் மீரான் அண்ணன். கடைசி இருக்கையில் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற பொறுப்பில் நான். மிருணாளினிக்குத் தமிழ் தெரியும் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

திட்டம் தெளிவாக இருந்தது. கொற்கையில் பழைய துறைமுகம் இருந்த இடம், வன்னி மரம், குளம். புன்னைக்காயலில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்கள். மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் சிலுவைக் கோயில், அஸ்தமனம்.

கொற்கைக்குள் வேன் திரும்பியதும் அத்தை எழுந்து நின்றாள்.

"மீரானு, அந்த வேப்பமரத்துப் பக்கம் பைய நிறுத்து. எங்க மதினி வீடு."

"அத்தே, இப்ப வேண்டாம். திரும்பி வரும்போது பாப்போம்" என்றாள் தேன்மொழி.

"ஏட்டி, நல்லாருக்கே! அவ ஊருக்குள்ள வந்துட்டு, அவ வாசல் தாண்டிப் போயி, மரத்தப் பாத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா அவ எம் மொகத்துல முழிப்பாளா? நாளைக்கு ஒனக்கு ஒரு கல்யாணம்னா வருவாளா?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம்தான்."

[குறிப்பு: நெல்லைப் பக்கத்தில் உறவினர் வீட்டு 'ரெண்டு நிமிசம்' என்பதன் அளவை நம் கடிகாரங்கள் காட்டுவதில்லை.]

5

மதினியின் பெயர் தனலட்சுமி. வாசலிலேயே நின்றிருந்தாள். வேன் வரும் தகவல் வேனைவிட வேகமாக வந்திருக்கிறது.

"வாங்க, வாங்க! இது யாரு, சென்னைப் பிள்ளையா? ஏன் இப்பிடிக் காஞ்சு போயிருக்கு? காப்பி போடுதேன், உக்காருங்க."

"பரவாயில்லைங்க. நான் காபி குடிக்க மாட்டேன்" என்றாள் மிருணாளினி.

"அப்ப டீ."

"டீயும் பழக்கம் இல்லை."

"அப்ப ஆர்லிக்ஸ்."

"ஒண்ணும் வேண்டாங்க, நிஜமா."

தனலட்சுமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, பாலக் காய்ச்சுங்க. பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல போல."

பால் வந்தது. முறுக்கு வந்தது. பிறகு இட்லி வந்தது. தேன்மொழி என் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கைகொண்டான் பஸ் அந்தக் கடிகாரத்துக்குள்ளிருந்து வருவது போல அவள் முகம்.

மரியாதைக்காக மிருணாளினி கேட்டாள்: "இங்கே முன்னாடி கடல் இருந்ததாமே, எங்கே இருந்தது?"

"அது யாருக்குத் தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இல்ல" என்றாள் தனலட்சுமி. "கொல்லையில தென்னம்பிள்ள வைக்கக் குழி தோண்டுனா சிப்பி சிப்பியா வரும். சனியன், மம்பட்டி மொன்னையாப் போவுது."

எல்லாரும் கொல்லைக்குப் போனோம். பாத்தியைச் சுற்றிக் கரை கட்டியது போல வெளுத்த சிப்பிகளை நட்டு வைத்திருந்தாள். உள்ளே கத்தரிச் செடி. மிருணாளினி குந்தி உட்கார்ந்து ஒரு சிப்பியைத் தொட்டுப் பார்த்தாள். கத்தரிச் செடிக்கு அவள் வழிவிட்டு உட்கார்ந்த விதம்— (இந்த வாக்கியத்தை முடித்தால் கவிதையாகிவிடும். வேண்டாம்.)

கிளம்பும்போதுதான் விபரீதம். மிருணாளினி பர்ஸைத் திறந்தாள்.

 தனலட்சுமி முகம் சுருங்கியது. அத்தை, "எம்மா, உள்ள வையி, உள்ள வையி" என்று பதறினாள். தேன்மொழிதான், "அத்தே, அவங்க வேனுக்குத் தர வேண்டியத இங்கனயே எடுக்காங்க, அவசரம்" என்று என்னமோ சொல்லிச் சமாளித்து வெளியே இழுத்துவந்தாள்.

வேனில் மிருணாளினி மெதுவாகக் கேட்டாள்: "தப்பு பண்ணிட்டேனா?"

"ஓட்டல்ல சாப்பிட்டா குடுக்கலாம். வீட்டுல சாப்பிட்டுக் குடுத்தா, அது நல்லாருக்காதுக்கா" என்றாள் தேன்மொழி.

"அப்போ என்ன செய்வீங்க?"

"போகும்போதே வாங்கிட்டுப் போவோம். வெறுங்கையோட போக மாட்டோம்."

6

ஆத்தூர் எங்கள் நோட்டீஸில் இல்லை. இருந்தாலும் நின்றோம். அன்னத்தாய் அம்மாவின் தங்கை மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கே இருந்தது. ஐயம்பெருமாள் சார் அரசுப் பணியில் கற்ற நேர ஒழுங்குடன் எதிர்ப்புத் தெரிவித்தார்.

"புன்னைக்காயல் முகத்துவாரம் போணும்லா, லேட்டாயிரும்."

"ஆறு எங்கயும் போவாது. சம்பந்தி ஊருக்குப் போயிருவாவ. எறங்குங்க" என்றார் அம்மா. சார் இறங்கினார்.

இறங்கியவர்களில் மிருணாளினியைக் காணோம். பார்த்தால் எதிர்க்கடையில் நின்று வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டிருந்தாள். எதற்கு வெற்றிலை என்று கேட்டேன். "தெரியல. எல்லாரும் வாங்கறாங்க" என்றாள். ஆத்தூரில் நின்று யோசித்தால் அது சரியான காரணம்தான்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஆறு எங்கள் உதவி இல்லாமலேயே கடலில் கலந்திருக்கும் என்று நம்புகிறேன்.

7

காயல்பட்டினம் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மீரான் அண்ணன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் தொண்டையைச் செருமினார்.

"தேனு, கோவிச்சுக்கிடாத. எல்லா வீட்டுக்கும் போயாச்சு. எந்தம்பி இங்கனதான் மாப்பிள்ளையா இருக்கான். இந்த ஊருல கல்யாணம் முடிச்சா மாப்பிள்ள பொண்ணு வீட்டுலதான் இருக்கணும். நான் வேன் ஓட்டிட்டு வந்து வாசலோட போனா, அவனுக்கு அந்த வீட்டுல மரியாத இருக்காது."

தேன்மொழி கையெடுத்துக் கும்பிட்டாள். கோபமா, சரணாகதியா என்று தெரியவில்லை. "போங்கண்ணே. எங்க வேணாலும் போங்க."

தம்பி மனைவியின் பெயர் பாத்து. அவள் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "என்ன மச்சான், இவ்வளவு நேரம்? கறி ரெண்டு தடவ சூடு பண்ணியாச்சு." ஆத்தூரில் ஒரு பங்கு கொடுத்தது போக மிச்சமிருந்த பழத்தையும் வெற்றிலையையும் மிருணாளினி நீட்டினாள். பாத்து இரு கையாலும் வாங்கி உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு மிருணாளினியை யாரும் "சென்னைப் பிள்ள" என்று சொல்லக் கேட்கவில்லை. "மிருணா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா" என்று ஆகிவிட்டது. அவளும் போட்டுக்கொண்டாள்.

பள்ளிவாசல்களை வேன் சன்னல் வழியாகப் பார்த்தோம். மீரான் அண்ணன் பைய ஓட்டினார்.

8

மணப்பாடு. இங்கே யாருக்கும் யாரும் இல்லை.

நோட்டீஸில் நான் மிகவும் உருகி எழுதியிருந்த ஊர். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. உருகியதில் பாதி உண்மை. மணற்குன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. மேலே கோயில். கீழே அலை. வெயில் தணிந்து எல்லாம் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. தேன்மொழி அன்று முதல் தடவையாகக் கைடு போலப் பேசினாள். போர்த்துக்கீசியர் கப்பலைச் சொன்னாள், கோயிலைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். எல்லாரும் கேட்டோம். பிறகு வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. அத்தை முந்தானையைச் சரிசெய்தாள். சார் செருப்பிலிருந்து மணலைத் தட்டினார், திரும்பவும் தட்டினார். கடல் பாட்டுக்குக் கடலாக இருந்தது. யாரும் எங்களை வா என்று சொல்லவில்லை.

மிருணாளினிதான் கேட்டாள்: "மணப்பாட்டில் நமக்கு யாரும் இல்லையா?"

'நமக்கு' என்றாள். வேறு எதையும் நான் கூட்டி எழுதவில்லை.

அன்னத்தாய் அம்மா எழுந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் போனார். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அம்மாக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"எங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல ஒரு மணப்பாட்டுக்காரர் இருந்தாரு. நல்ல மனுசன். பர்னாந்துன்னு பேரு."

"பர்னாந்தா?" அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "இங்க பாதி ஊரு பர்னாந்துதான். எந்த பர்னாந்து?"

"கொஞ்சம் செவப்பா இருப்பாரு."

"அதுலயும் பாதிப் பேரு செவப்புதான். சரி, வீட்டுக்கு வாங்க. எந்த பர்னாந்துன்னு உக்காந்து பாப்போம்."

போனோம். எந்த பர்னாந்து என்று இதுவரை முடிவாகவில்லை. அவர்கள் வீட்டு அடுப்படிச் சன்னலில் அந்தக் குன்றும் கோயிலும் முழுதாகத் தெரிந்தன. அஸ்தமனத்தை அங்கே நின்று, மீன் பொரியும் சத்தத்தோடு பார்த்தோம்.

9

(முடிவுகள். இந்த மாதிரிக் கதைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவு வைப்பது வழக்கம். ஒன்றாவது தேறும் என்ற நம்பிக்கை.)

அ. பேச்சுவாக்கில், மிருணாளினியின் அம்மா வழியில் யாரோ கொற்கைக்காரர் என்று தெரிய வருகிறது. தனலட்சுமிக்கு அவள் பேத்தி முறை. எல்லாரும் அழுகிறார்கள். தேன்மொழி வாசித்துவிட்டு: "லே, சீரியலாக்காத. அவ அம்மா செங்கல்பட்டு."

ஆ. கம்பெனி சரி என்கிறது. வாரம் தவறாமல் பஸ் பஸ்ஸாக ஆள் அனுப்புகிறது. தேன்மொழி: "பஸ்ஸுல வந்தா தனலட்சுமி அத்தை எத்தன பேருக்குப் பால் காய்ச்ச? செத்துருவா."

இ. கம்பெனி வேண்டாம் என்கிறது. தேன்மொழி கங்கைகொண்டான் பஸ்ஸில் ஏறுகிறாள். சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து— தேன்மொழி இதை வாசித்தாள். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் இதையும் அடித்துவிட்டேன்.

10

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி வேண்டாம் என்றுதான் சொன்னது. திங்கட்கிழமை காலையிலேயே மிருணாளினி போன் செய்தாள். தேன்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் என்னன்னு எழுத முடியும் தேன்மொழி? காட்டறேன்னு சொன்ன ஊர்ல ஒண்ணைத்தான் முழுசா காட்டினீங்க. அதுவும் சமையல்கட்டுச் சன்னல்ல. அடுத்த தடவை அவங்க வீட்ல இருப்பாங்களான்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எங்க ஆளுங்க இதை எப்படி விப்பாங்க?"

"விக்க முடியாதுதான்க்கா" என்றாள் தேன்மொழி. குரல் உடையவில்லை. உடையக் கூடாது என்று அவள் இழுத்துப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

மிருணாளினி போனை வைக்கவில்லை. பிறகு: "அடுத்த ஞாயிறு வேன் போகுமா? கம்பெனிக்கு இல்ல. எங்க அம்மாவை அழைச்சிட்டு வரலாம்னு பாக்கறேன். செங்கல்பட்டுலேருந்து என்ன வாங்கிட்டு வரட்டும்?"

தேன்மொழி அண்ணனைப் பார்த்தாள். இசக்கிதுரை அண்ணன் பேச வாயெடுத்தார். அப்போது அவர் போன் அடித்தது. தனலட்சுமி.

"ஏய்யா துரை, வார ஞாயித்துக்கெழம யாரு வாரா? எத்தன பேருன்னு முன்கூட்டிச் சொன்னாத்தான மாவு இடிக்க முடியும்?"

"அத்தே, அது வந்து, அந்தக் கம்பெனிக்காரவ வேண்டாம்னுட்டாவ."

"எந்தக் கம்பெனி? எங்க வீட்டுக்கு ஆள் வாறதுக்குக் கம்பெனி எதுக்குவே?"

இசக்கிதுரை அண்ணன் பெரிய மீசைக்காரராக இருந்திருந்தால் இந்த இடத்தில் அதை முறுக்கியிருப்பார். போனைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி வைத்தார். "சொல்லுதேன் அத்தே" என்றார்.

பிறகு தங்கையிடம்: "கங்கைகொண்டான்ல ஒரு வாரம் தள்ளிக் கேக்கேன். ஆனா ஒண்ணு. வேன் நெறயச் சொந்தக்காரங்கள ஏத்திட்டுப் போயிப் பொழப்புன்னு சொல்லப்படாது. பாதிக்குப் பாதி வெளியூர் ஆளு இருக்கணும். யாரு என்னன்னே தெரியாத ஆளு. இருந்தா, பெறகு நான் பஸ்ஸப் பத்திப் பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாட்டி."

நோட்டீஸை மாற்றி எழுதச் சொன்னாள். ஊர்களைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டாள். ஒரே ஒரு விதியை அவளே எழுதினாள்: உங்கள் ஊரிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள், வெறுங்கையோடு வராதீர்கள்.

11

இத்தனை பேரில் வெளியூர் ஆள் என்று இப்போதைக்கு மிருணாளினியும் அவள் அம்மாவும்தான். அதுவும் மிருணாளினியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று இசக்கிதுரை அண்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அது நம்ம பிள்ளல்லா" என்கிறார். பாதிக்குப் பாதி எட்டவில்லை.

நான் நினைத்தால் இங்கே நாலு வெளியூர்க்காரர்களைக் கற்பனை செய்து வேனில் ஏற்றிவிடலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் நான் ஏற்றும் ஆட்களைத் தனலட்சுமி நம்ப மாட்டாள். நான் உண்டாக்கும் ஆள் பாலையும் குடிக்க மாட்டான், இட்லியையும் மிச்சம் வைக்காமல் தின்ன மாட்டான்.

எனவே இதுவரைதான் என்னால் எழுத முடியும்:

ஞாயிற்றுக்கிழமை காலை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேன் நிற்கிறது. அத்தையை இந்த முறை முன்னால் உட்கார விடவில்லை. மீரான் அண்ணன் எஞ்சினைப் போட்டுவிட்டார். இசக்கிதுரை அண்ணன் டீக்கடையில் நின்றபடி யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தேன்மொழி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். நீங்கள் ரோட்டைத் தாண்டி வருகிறீர்கள். உங்களை அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளுக்கு வேண்டும். அவள் சிரிக்கிறாள்.

"வாங்க, வாங்க. எந்த ஊரு?"

"………………………………"

(இது உங்கள் வசனம்.)